பிள்ளையாரிடம் கைபேசி இல்லாத காரணம்

அன்று அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கிழக்குப் பார்த்த மர நாற்காலியில் எண்ணெய் ஆலை முதலாளி காளிச்சாமி. எதிரே சுழல் நாற்காலியில் அவர் மகன் மோகன்குமார். கம்ப்யூட்டர் முன்னால் எங்கள் முதலாளி ரிஃபத். மின்விசிறிக்கு நேர் கீழே சோபாவில், இந்த ஆலையின் பழைய பில் புரோகிராமை எழுதிய நாகூர் மீரான், ரிஃபத்துக்கு மாமா முறை. கோவையிலிருந்து வேடிக்கை பார்க்கவே வந்திருந்தார். நாற்காலி தீர்ந்துவிட்டதால் கவிழ்த்துப்போட்ட எண்ணெய் டின்னின் மேல் நான், பிரவீனா. ரிஃபத் கம்பெனியின் கடிதங்களை எழுதுவது என் வேலை. கம்ப்யூட்டருக்கு மேலே மாடத்தில் பிள்ளையார். சிக்கல் அவரால்தான்.

ரிஃபத்துக்கு ஒரு கொள்கை உண்டு. எதையும் முதலிலிருந்து எழுதக் கூடாது. ஓரிடத்தில் ஒழுங்காக ஓடுகிற பாகத்தைக் கழற்றி இன்னோரிடத்தில் மாட்ட வேண்டும். அப்படித்தான் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைக் கோத்திருந்தார். லாரிகளுக்கு டோக்கன் கொடுக்கும் பாகம் ஒரு பல் ஆஸ்பத்திரிக்குச் செய்தது. காலையில் அது "அடுத்த நோயாளி வரவும்" என்று கூப்பிட, டிரைவர் மாசாணம் உள்ளே எட்டிப் பார்த்து, "எனக்குப் பல்லெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது, பாலக்காட்டு லோடுதானுங்க நிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். அதை ரிஃபத் உடனே சரிசெய்தார். வாடிக்கையாளர்களைச் சரிபார்க்கும் பாகம் சென்னைக் கம்பெனி ஒன்றிடம் வாடகைக்கு எடுத்தது. அதில் கைவைக்க முடியாது.

இந்த ஆலையில் தினமும் முதல் பில் பிள்ளையார் பெயரில்தான். விளக்குக்கு நூறு மில்லி எண்ணெய். அந்தச் சீட்டை அவர் காலடியில் வைத்த பிறகே ஊராருக்கு பில். மீரானின் புரோகிராமில் வாடிக்கையாளர் எண் ஒன்று அவர். எல்லோரையும் புதியதற்கு மாற்றியபோது ரிஃபத் அவரையும் மாற்றினார். புதியது அவரிடம் கைபேசி எண் கேட்டது.

"நம்பர் இல்லீன்னா வுடாதுங்க," என்றார் ரிஃபத். "நெசமான ஆளுதானான்னு ஓடிபி அனுப்பிப் பாக்கும்."

"அவரு நெசமான்னு கேக்குதுங்களா அது?" என்றார் காளிச்சாமி.

"அதுக்கு யாருன்னு தெரியாதுங்க. எல்லா ஊர்லயும் இதேதான் ஓடுது."

"எல்லா ஊர்லயும் பிள்ளையாரும் இருக்காருங்களே."

"என் புரோகிராம் அவர்ட்ட ஒரு நாளும் ஒண்ணும் கேட்டதில்ல," என்றார் மீரான், கூரையைப் பார்த்தபடி.

"மாமா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க," என்றார் ரிஃபத்.

மோகன்குமார் தொண்டையைக் கனைத்தார். "ஏனுங்கப்பா, இன்னைக்கு ஒரு நாளு லாரி பில்ல மொதல்ல போட்டுறலாமுங்களா?"

"போடு கண்ணு. வாளையார் தாண்டறதுக்குள்ள டயர் வெடிச்சா நீயே போய்த் தள்ளு."

பிறகு காளிச்சாமி முடிவாகச் சொன்னார். மத்தியானத்துக்குள் பிள்ளையார் பில் வராவிட்டால் பழையதையே மாட்டிவிட்டு நாங்கள் கிளம்பலாம். எங்களுக்குக் கிடைத்த முதல் ஆலை இது. இது கைவிட்டுப் போனால் ஆபீஸைப் பூட்டிவிட்டு துபாயில் மச்சான் கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கத்தான் போக வேண்டும் என்று வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தார்.

எங்கள் எண்களைப் போட்டுப் பார்த்தோம். ஓர் எண்ணுக்கு ஓர் ஆள்தானாம். அப்பா, மகன் எண்கள் ஆலையின் பெயரில் இருந்தன. ரிஃபத்தின் எண் நிர்வாகியுடையது. என் எண்ணை அவர் ஏற்கெனவே 'சோதனையம்மாள்' என்ற பொய் வாடிக்கையாளருக்குக் கொடுத்திருந்தார். எனக்கு அது அன்றுதான் தெரியும்.

ரிஃபத் சென்னைக்குப் பேசினார். அங்கே நிதா என்ற பெண் பொறுமையாக வழி சொன்னார். இப்போதைக்குப் பொறுப்பாளர் ஒருவரின் எண்ணைப் போடலாம். ஆனால் ஒவ்வொரு பில்லுக்கும் அவருக்கு ஓடிபி போகும். நிரந்தர விலக்கு வேண்டுமானால் காரணம் எழுதி, கையெழுத்திட்டு, காகிதத்தில் அனுப்ப வேண்டும்.

எல்லோரும் சோபாவைப் பார்த்தோம்.

"நானா?" என்றார் மீரான்.

"உங்குளுக்கும் அவருக்கும் பழக்கம் உண்டுங்களே பாய்," என்றார் காளிச்சாமி.

மீரான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ஓடிபியை உரக்கப் படித்தார். பில் வந்தது. காளிச்சாமி அதை மாடத்தில் வைத்துக் கும்பிட்டார். மாசாணத்தின் லாரி புறப்பட்டது. மீரானின் கைபேசி மறுபடி ஒலித்தது: "அன்புள்ள பிள்ளையார், எங்களைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி."

"தெனமும் ஆறரைக்கு மொத பில்லுங்க பாய்," என்றார் காளிச்சாமி.

"ஆறரைக்கா? சுபுஹு தொழுதுட்டு நான் மறுபடி படுக்கிற நேரமுங்க அது."

"அப்பக் கடுதாசி இன்னைக்கே போகோணும். நானும் தெனம் உங்கள எழுப்பமாட்டேன். போகலீன்னா பழசுதான். அம்மணி, எழுது."

சென்னைக் கம்பெனியின் விதிப்படி விலக்குக்கு நான்கு காரணங்களில் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். முதலாவது, மைனர்.

"அதேதானுங்க. கொழந்தச் சாமி," என்றார் காளிச்சாமி.

"தொண்ணூத்தொம்பதுல இருந்து கஸ்டமருங்க. மைனர் வயசு தாண்டிட்டாரு," என்றார் ரிஃபத்.

இரண்டாவது, மறைந்தவர். அதை நான் வாய்விட்டுப் படிக்கவில்லை. மூன்றாவது, வெளிநாட்டில் வசிப்பவர்.

"கைலாசம் சீனாப் பக்கந்தானுங்களே?" என்றார் மோகன்குமார்.

"பாஸ்போர்ட் கேப்பாங்க தம்பி," என்றார் மீரான்.

நான்காவது, நடமாட இயலாதவர். காளிச்சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒலகத்தச் சுத்தி மாம்பழம் வாங்குனவரப் போயி நடக்கமாட்டாதவருன்னு எழுதறதா?"

"அவரு சுத்துனது அப்பா அம்மாவத்தானுங்களே," என்றார் மீரான். "ரெண்டு எட்டு."

காளிச்சாமி மாடத்தைப் பார்த்தார், மீரானைப் பார்த்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "பாய் சொல்றது நெசந்தான். எழுது அம்மணி."

எழுதினேன். "மேற்படி வாடிக்கையாளர் ஆலை தொடங்கிய நாள் முதல் ஒரே மாடத்தில் அமர்ந்திருக்கிறார். எழுந்து நடந்ததை இங்கு யாரும் பார்த்ததில்லை. கைபேசி வைத்துக்கொள்ளும் வழக்கமும் அவருக்கு இல்லை. ஆகவே விலக்கு அளிக்க வேண்டுகிறோம்." பொய்யில்லாமல் எழுதியதில் எனக்குத் திருப்தி. காளிச்சாமி கையெழுத்திட்டார். ரிஃபத் மூச்சு விட்டார்.

நான் பசை பாட்டிலைத் திறப்பதற்குள் மீரான் உறையைப் பிடுங்கி, தானே ஒட்டி, ஓரங்களைக் கட்டைவிரலால் இரண்டு முறை அழுத்தினார். கைபேசி மறுபடி ஒலித்தது. அவர் எடுத்துப் பார்க்கவில்லை. காங்கேயம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கொரியர் கடை இருக்கிறது என்று மோகன்குமார் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய ஸ்கூட்டர் சாவியையும் வாங்கிக்கொண்டு, உறையைச் சட்டைக்குள் சொருகி, கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்.