ஒதுங்க ஒரு இடம்

வேலைக்குக் கிளம்பும்போது காலர்க்காரி கடைசியாகச் செய்கிற காரியம், தண்ணீர்ச் செம்பைக் கவிழ்த்து வைப்பது. அதற்குப் பிறகு சாயங்காலம் வீடு திரும்பும்வரை ஒரு மிடறு கிடையாது. நாக்கு வறளும், தலை கிறுகிறுக்கும், அடிவயிறு சுள்ளென்று இழுக்கும். டாக்டரிடம் போனால், "கிட்னியில கல்லு இருக்கும்மா, நிறையத் தண்ணி குடிங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். குடிக்கவா தண்ணீர் இல்லை? குடித்ததை இறக்கி வைக்கத்தான் இடம் இல்லை.

சின்ன வயதிலேயே அவளுக்கு இடது கால் சூம்பிப்போனது. அக்குளில் கட்டையைக் கொடுத்துத்தான் நடப்பாள். சட்டை தைக்கிற கம்பெனியில் காலர் வைப்பது அவள் வேலை. "கால் போனா என்ன, காலர் இருக்குல்ல" என்று சேர்ந்த புதிதில் அவளே அடித்த ஜோக்கு, பேராக ஒட்டிக்கொண்டது.

கம்பெனி புதுக் கட்டடத்துக்கு மாறியபோதுதான் சனியன் பிடித்தது. பெண்களுக்கான கக்கூஸை மாடியில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். படியோ செங்குத்து. பிடித்துக்கொள்ள ஒரு பக்கம்தான் கம்பி, அதுவும் அவள் கட்டை ஊன்றுகிற பக்கம். ஏறி இறங்குவதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்துவிடும். கீழே இன்னொரு கக்கூஸ் இருக்கிறது, மேனேஜர் அறையை ஒட்டி, பளபளவென்று. ஆனால் அது அதிகாரிகளுக்கும் வெளியிலிருந்து வருகிறவர்களுக்கும். எப்போதும் பூட்டு. சாவி மேனேஜரின் முதுகுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும்.

"போய்க் கேளேன்டி. வாயைக் கட்டியா வச்சிருக்காங்க?" என்று அம்மா தினமும் நச்சரித்தாள். மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்கியவள் அவள். "இந்தப் பிள்ளைக்குப் படிப்பு எதுக்கு?" என்று கேட்ட வாத்தியாரிடம், "உங்களுக்கு எதுக்கோ அதுக்குத்தான்" என்று திருப்பிக் கொடுத்தவள்.

காலர்க்காரி மேனேஜரிடம் போய்க் கேட்டாள். ஆம்பளையிடம் எப்படிப் பச்சையாகச் சொல்வது? நாலு பேர் சொல்வதைப்போல நாசூக்காகத்தான் சொன்னாள்.

"சார், எனக்குக் கீழயே ஒதுங்க ஒரு இடம் வேணும் சார்."

"இவ்வளவுதானா? பண்ணிட்டாப் போச்சு" என்றார் மேனேஜர், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

திங்கட்கிழமை காலை இரண்டு செம்புத் தண்ணீர் குடித்தாள். ஆசை தீர, கழுத்தெல்லாம் வழிய வழியக் குடித்தாள். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். கம்பெனிக்குள் நுழைந்தால், வரிசையில் அவள் மெஷினைக் காணோம். கோடவுனுக்குப் பக்கத்தில், பழைய அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில், ஒரு மூலையில் தனியாகக் கிடந்தது. பக்கத்தில் ஒரு ஃபேன். மேலே ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி.

"நீங்க கேட்ட மாதிரியே, ஒதுக்கமா ஒரு இடம்" என்றார் மேனேஜர் பெருமையாக. "இனிமே யாரும் இடிக்க மாட்டாங்க."

அந்த ஆள் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. படுக்கையறைக் கதவைத் திறந்தால் கக்கூஸ் என்று பிறந்து வளர்ந்தவருக்கு, ஒதுங்குவது என்றால் ஓரமாகத் தனியாக உட்காருவது! அந்த வார்த்தையின் இன்னொரு அர்த்தத்தைக் கற்றுக்கொள்ளும் தேவை அவருக்கு வந்ததே இல்லை.

"அடிப்பாவி, நீ ஒதுங்க இடம் கேட்டே, அவன் உன்னையே ஒதுக்கி வச்சுட்டான்டி!" என்று பட்டன் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். வரிசையில் இத்தனை காலமும் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் வைத்தவள். பெண்கள் எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். காலர்க்காரியும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஆனால் வயிற்றில் இரண்டு செம்புத் தண்ணீர் இருந்தது.

அடக்கி அடக்கிப் பார்த்துவிட்டு, முடியாமல் படியேறினாள். பாதிப் படியில் எல்லாம் போய்விட்டது. பட்டன் அக்காதான் ஓடிவந்து, வெட்டிப்போட்ட துணியை அவள் இடுப்பில் சுற்றி, படியையும் துடைத்துவிட்டாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

அதோடு அவள் கூச்சம் செத்தது. நேராக மேனேஜர் முன்னால் போய் நின்று, "கக்கூஸ் சார். நான் கேட்டது கக்கூஸ்" என்றாள். அவர் மூக்கைச் சுளித்தார். "அதுக்கெல்லாம் ரூல்ஸ் இருக்கும்மா. உங்களுக்குத் திறந்துவிட்டா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டாள். செம்பு மறுபடி கவிழ்ந்தது.

பிறகுதான் அந்தக் கூத்து. வெளிநாட்டிலிருந்து சட்டை வாங்குகிறவர்களுக்குக் காட்டுவதற்காக, கஷ்டத்தை ஜெயித்தவர்களைப் பற்றி கம்பெனி ஒரு படம் எடுக்கிறதாம். யாரைப் பிடிப்பது? மூலையில் ஒருத்தி இருக்கிறாளே! வீடியோக்காரர் வந்தார். வந்ததும், "டாய்லெட் எங்க சார்?" என்றார். மேனேஜர் ஆணியிலிருந்து சாவியை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார். காலர்க்காரி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

போய்விட்டு வந்த வீடியோக்காரர் சாவியை அவள் மெஷின் மேல் வைத்துவிட்டுக் கேமராவைத் தூக்கினார்.

"அக்கா, அந்தப் படியில மெதுவா ஏறுங்க. மூஞ்சியில வலி தெரியணும். ஆனா நம்பிக்கையும் தெரியணும்."

அதே படி. அவளுக்கு உச்சந்தலைவரை எரிந்தது. என் மானம் போன படியில் ஏறித்தான் நான் உங்களுக்கு நம்பிக்கை காட்டணுமா?

"எங்க கம்பெனியோட தன்னம்பிக்கையே இவங்கதான்" என்றார் மேனேஜர், கேமராவுக்குள் தலையை நீட்டி.

காலர்க்காரி எழுந்திருக்கவில்லை. வரிசையிலிருந்த பட்டன் அக்காவின் தண்ணீர் பாட்டிலைக் கைமாற்றித் தரச்சொல்லி வாங்கினாள். அண்ணாந்து, கடகடவென்று, ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். வீடியோக்காரர் இதையும் எடுத்தார். அழகாக இருக்கும் என்று நினைத்திருப்பார்.

"இந்தக் கம்பெனியில நான் தண்ணி குடிக்கிறதே கிடையாது" என்று கேமராவைப் பார்த்துச் சொன்னாள். "குடிச்சா போறதுக்கு இடம் இல்ல. மாடி ஏறப் போய், அந்தப் படியிலயே ஒருநாள் போயிட்டேன். பக்கத்துலயே கக்கூஸ் இருக்கு, பூட்டி வச்சிருக்காங்க. என் கஷ்டத்தைத்தானே எடுக்க வந்தீங்க? இதை எடுங்க."

சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"கேமராவை ஆஃப் பண்ணுங்க" என்றார் மேனேஜர். பட்டன் அக்கா தன் மெஷினை ஆஃப் பண்ணினாள். பக்கத்து மெஷின் நின்றது, அதற்குப் பக்கத்து மெஷினும். கம்பெனி அமைதியானதும், கட்டை தரையில் ஊன்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. வழியில் நின்ற மேனேஜர் பெண்களைப் பார்த்தார். பிறகு நகர்ந்துகொண்டார்.

உள்ளே வெள்ளை ஓடு, கண்ணாடி, வாசனைச் சோப்பு. இவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறது என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில் வந்த அழுகை இல்லை, ஆத்திரம். வெளியே மேனேஜரின் குரல் கேட்டது. "தப்பா எடுத்துக்காதீங்க சார், இவங்களுக்காக இதை நாங்க எப்பவோ ஒதுக்கிக் குடுத்துட்டோம்."

முகம் கழுவிவிட்டு, கதவைப் பூட்டிவிட்டு வந்தாள். மேனேஜர் கையை நீட்டினார். "சாவி?"

"அதான் ஒதுக்கிக் குடுத்துட்டீங்களே சார். எங்கிட்டயே இருக்கட்டும்" என்று இடுப்பில் செருகிக்கொண்டாள். "மெஷினையும் பழைய இடத்துல தூக்கிப் போடச் சொல்லுங்க."

அவர் வாயைத் திறப்பதற்குள் பட்டன் அக்கா எழுந்து வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் வரிசையே எழுந்திருந்தது.

"சாவியக் குடுடி" என்றாள். "நானும் போயிட்டு வர்றேன்."