சீக்கு எலி

ஆய்வகத்தில் அவளை எல்லோரும் எலியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது எலிகளுக்கும் தீனி, தண்ணீர், கூண்டு சுத்தம் எல்லாம் அவள் பொறுப்பு. பேராசிரியரின் ஆராய்ச்சிக்காகப் பத்து எலிகள் தினமும் அரை மணி நேரம் மோட்டாரில் சுழலும் பட்டையில் ஓடின; பத்து சும்மா கிடந்தன. ஒரு மாதம் கழித்து எல்லாவற்றுக்கும் பல்லில் மருந்து வைத்து வலி உண்டாக்கித் தண்ணீர்த் தொட்டியில் விடுவார்கள். நீருக்கடியில் மறைந்திருக்கும் மேடையை எது ஞாபகம் வைத்துப் பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மூன்றாம் வாரம் அவளுக்கே கடைவாய்ப் பல் விண்விண்ணென்று தெறித்தது. அரை நாள் லீவு கேட்டாள்.

"இப்பப் போயா? நீங்க இல்லன்னா இங்க ஒண்ணும் ஓடாதும்மா. இது முடியட்டும்," என்றார் பேராசிரியர்.

கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டு வேலை பார்த்தாள். மாதம் முடிந்து எலிகளின் பல்லில் மருந்து வைத்தபோது, ஓடிய எலிகள் வலியில் முகத்தை அவ்வளவாகச் சொறியவில்லை. மேடையையும் சட்டென்று பிடித்தன. ஒன்றைத் தவிர. காதில் இரட்டை வெட்டு அடையாளமிட்ட அந்த எலி ஒரு நாள் தவறாமல் ஓடியதுதான். தொட்டியில் விட்டால் மட்டும் சுவரைச் சுற்றிச் சுற்றி நீந்தியே களைத்துப்போனது. கண்டதை அப்படியே எழுதிவைத்தாள். பேராசிரியர் அந்த வரியை அடித்தார்.

"அது சீக்கு எலி. சேர்க்க வேணாம்."

"சீக்கெல்லாம் இல்ல சார். நல்லாத் திங்குது, எடைகூட ஏறியிருக்கு."

"அத முடிவு பண்றது என் வேலைம்மா."

மறுநாள் இருபதையும் கொன்று மூளையை எடுத்தார்கள். இரட்டை வெட்டுக்காரியை அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். பழகிய கை என்று அது பயமில்லாமல் உட்கார்ந்திருந்தது.

தினமும் ஓடினால் வலி குறையும், ஞாபகம் மங்காது என்று முடிவை அறிவித்த கூட்டத்தில் தேநீர்த் தட்டோடு நின்றாள். கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. விருந்தினர் ஒருவர் விசாரிக்க, பேராசிரியர் முந்திக்கொண்டார்: "எலியக்கா, நீங்களும் தினம் அரை மணி நேரம் நடங்க. வலியே தெரியாது!"

எல்லோரும் சிரித்தார்கள்.

"பதினோரு வருஷமா வீட்லேர்ந்து நடந்துதான் சார் வர்றேன். வர ஒரு மணி நேரம், போக ஒரு மணி நேரம்."

சிரிப்பு இன்னும் பெரிதானது. வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டார்கள்.

யாரிடமும் சொல்லாமல் அன்றே பல் டாக்டரிடம் போனாள். பல்லைப் பிடுங்கிய பிறகு டாக்டரம்மா, "ரெண்டு வாரம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம். எப்படித்தான் பொறுத்தீங்க?" என்றார். வாய் நிறையப் பஞ்சு.

திங்கட்கிழமை புது எலிகள் வந்து இறங்கின. அவள் கண்ணாடிக் குடுவைகள் கழுவும் அறைக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தாள். பேராசிரியர் நிமிராமலே கையெழுத்துப் போட்டார். ஏன் என்று கேட்பாரோ என்று கொஞ்ச நேரம் நின்றாள்.

"கதவச் சாத்திட்டுப் போங்க," என்றார்.