டைரலுக்கு ஒரு பேப்பர்

தேர்தலுக்கு மறுநாள் காலை கேரி நகரத்தில் பேப்பருக்கு அடிதடி. பிராட்வே முனைக் கடையில் ஆறு மணிக்கே வரிசை தெரு திரும்பிவிட்டது. நான் ஐந்தரைக்கே போய் இரண்டு வாங்கிவிட்டேன். முப்பது வருடமாக விடியுமுன் பஸ் ஓட்டக் கிளம்புகிறவள் நான். என்னை எவளால் முந்த முடியும்?

முதல் பக்கம் முழுக்க அவர் முகம். நம் கறுப்பு நிறத்தில் முதல் முறையாக ஒரு ஜனாதிபதி. அந்தக் காலத்தில் தெற்கே அர்க்கன்சாவில் ஓட்டுரிமை கேட்டுப் போனதற்காக என் அப்பாவின் வேலையைப் பறித்தார்கள். அதை நினைத்து நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்தான். ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், மூன்று மணி நேரம் கால்கடுக்க நின்று நான் ஓட்டுப் போட்டது சரித்திரத்துக்காக இல்லை. என் மகன் டைரலுக்காக. இராக்கிலிருந்து பிள்ளைகளைத் திரும்பக் கூட்டி வருவேன் என்று அந்த மனிதர் சொன்னார். டைரலின் ராணுவ ஒப்பந்தம் போன ஜனவரியிலேயே முடிந்திருக்க வேண்டியது. போர் நடக்கிறது என்று மேலும் ஒரு வருடம் நீட்டிவிட்டார்கள். வருகிற ஜனவரியில் முடிகிறது. இந்த ஆள் வந்தால் நீட்டமாட்டார். அவ்வளவுதான் என் அரசியல்.

அவன் அறைக்கு நீல வண்ணம் அடித்தாகிவிட்டது. பஸ் டிப்போ சூப்பர்வைசரிடம் அவனுக்கு வேலை கேட்டு, அந்த மனுஷன் என்னைக் கண்டாலே ஒளிகிற அளவுக்கு நச்சரித்தாகிவிட்டது. இரண்டாவது பேப்பரைப் பிரிக்காமல் அவன் கட்டில்மேல் வைத்தேன்.

எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டு எர்லீன் எலுமிச்சை கேக்கோடு வந்தாள். ஆறு பிள்ளை பெற்றவள், அவள் வீடு எப்போதும் சந்தைக்கடை.

"ஏண்டி ஒடெஸா, ரெண்டு பேப்பர் வாங்கினியாமே. ஒண்ணக் குடேன், பேரப்பிள்ளைங்களுக்கு எடுத்து வைக்கணும்."

"அது டைரலுக்கு."

"அவன் வர இன்னும் ரெண்டு மாசம் கெடக்குது."

"கெடக்கட்டும். அவன் கையிலதான் குடுப்பேன். வேணும்னா நீ சீக்கிரம் எந்திரிச்சிருக்கணும்."

"எங்க எந்திரிக்கிறது? ஊரே ராத்திரி தெருவுல ஆடுச்சு. நீதான் கதவச் சாத்திக்கிட்டு உக்காந்திருந்த. ஜெயிச்சவ மூஞ்சியாடி இது?"

கொண்டுவந்த கேக்கில் பாதியை அவளே தின்றுவிட்டுப் போனாள்.

அன்று எனக்கு விடுமுறை. போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பத்து மணிக்கு அடித்தது. இராக்கிலிருந்து பேசினால் ஒவ்வொரு வார்த்தையும் வந்து சேர ஒரு மூச்சு நேரம் ஆகும்.

"அம்மா, பாத்தியா? ஜெயிச்சுட்டோம்மா."

"பாத்தேன்டா. சாப்ட்டியா? உனக்குப் பேப்பர் வாங்கி வெச்சிருக்கேன். ஜனவரில வந்து பாரு."

ஒரு மூச்சு போயிற்று. இரண்டு, மூன்று போயிற்று.

"அம்மா, நான் திரும்பக் கையெழுத்துப் போட்டுட்டேன். இன்னும் நாலு வருஷம்."

"என்னடா சொல்ற?"

"விடிகாலைல டிவில பாத்தோம். எங்க பசங்க எல்லாம் அழுதானுங்க. இத்தன நாளு சல்யூட் அடிச்சது சம்பளத்துக்குத்தாம்மா. இனிமே மனசார அடிப்பேன். அவருக்கும் நாலு வருஷம், எனக்கும் நாலு வருஷம்."

"உன்ன வீட்டுக்குக் கூட்டிட்டு வரத்தான்டா நான் அவருக்கு ஓட்டுப் போட்டேன்."



"நீதானம்மா சொன்ன, இந்தாளு ஜெயிச்சா இது நம்ம நாடுதான்னு நம்பலாம்னு. நான் நம்பிட்டேன்."

கோடை முழுக்க போனில் அதையே ஓதி, அவனை அங்கிருந்து தபாலில் ஓட்டுப் போட வைத்தவளே நான். என் வாய்தான் எனக்கு எமன்.

"சந்தோஷமாம்மா?"

"பெருமையா இருக்குடா," என்றேன். அது பொய்யில்லை. ஆனால் அவன் கேட்டது அதை இல்லை.

போனை வைத்தபின் அந்த நீல அறையில் போய் உட்கார்ந்தேன். வெளியே கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டே போயின. தோற்றிருந்தாலாவது சேர்ந்து அழ அக்கம்பக்கத்தில் ஆள் இருந்திருக்கும். ஜெயித்த வீட்டில் துக்கம் கேட்க யார் வருவார்கள்? அந்த நல்ல மனிதரைத் திட்டவும் மனம் வரவில்லை. அவர் என்ன செய்வார் பாவம், என் பிள்ளையைப் பிடித்து வைக்கவில்லையே. அவனாகத்தான் போனான்.

மதியம் கட்டில்மேல் இருந்த பேப்பரை எடுத்துக்கொண்டு எர்லீன் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"இந்தா. உன் பேரப்பிள்ளைங்களுக்கு எடுத்து வை."

"டைரலுக்குன்னியேடி?"

சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் கண் நிறைந்துவிட்டது. எர்லீன் என் முகத்தைப் பார்த்தாள், பேப்பரை நாற்காலியில் போட்டுவிட்டு என்னை இறுகக் கட்டிக்கொண்டாள்.

"அழுவுடி, நல்லா அழுவு. நேத்துப் பூரா கல்லு மாதிரி இருந்தியேன்னு பயந்துட்டேன். இன்னிக்கு ஊரே சந்தோஷத்துல அழுவுது, நீ அழுவுறதுக்கென்ன?"

அவள் தோளில் முகம் வைத்து நானும் அழுதேன்.