ஈனிட் பேரில் போட்ட பணம்

நோரிஸ் ஹெப்டனுக்கு வரி என்றாலே வயிற்றெரிச்சல். வீடு வாங்கினால் கூரை ஒழுகும் என்று, மோர்கம் கடற்கரையில் எங்கள் பக்கத்து வாடகை வீட்டிலேயே ஆயுசைக் கழித்துக் காசு சேர்த்தவர். ரயில்வேயில் பெரிய பதவியில் இருந்தவர் என்பதால் பென்ஷனும் பெரிது. சேமிப்புக்கு வந்த வட்டியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக அரசாங்கம் எடுத்துக்கொண்டு போனது. அவர் மனைவி ஈனிட் பள்ளிக்கூடச் சாப்பாட்டறையில் பரிமாறியவள். வரி கட்டுகிற அளவுக்கு அவளுக்கு வருமானம் இருந்ததே இல்லை. மொத்தத்தையும் அவள் பேருக்கு மாற்றிவிட்டால் வட்டி முழுசாகக் கைக்கு வரும் என்று தெரிந்த அன்று நோரிஸ் விசிலடித்துக்கொண்டு வீடு வந்தார்.

மாற்றிய பிறகு அது ஈனிட்டின் பணம், நீங்கள் உரிமை கேட்க முடியாது என்று வங்கியில் இருந்த பெண் இரண்டு தடவை சொன்னாள்.

“பேர் அவளோடது, காசு என்னோடது. என்னைக் கேக்காம இவ ஒரு ஜோடி சாக்ஸ் வாங்கினதில்ல, கண்ணு” என்றார் நோரிஸ்.

ஈனிட் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். கடைசியில் இவளுக்கும் ஒரு உபயோகம் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்லி நோரிஸ் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். ஈனிட் எங்கள் தட்டுகளில் இறைச்சி வைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த குளிர்காலத்தில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. புத்தி தெளிவாக இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து முதியோர் இல்லத்துக்கு அனுப்பினார்கள். சேமிப்பு இல்லாதவர்களுக்கு அந்தச் செலவை நகராட்சி ஏற்கும். ஆனால் ஈனிட்டின் கணக்கைப் பார்த்த அதிகாரி, இவ்வளவு வைத்திருக்கிறவர் தானேதான் கட்ட வேண்டும் என்றுவிட்டார். பணம் புருஷன் பேரில் இருந்திருந்தால் தொட்டிருக்க மாட்டோம், இப்போது திருப்பி மாற்றினாலும் ஈனிட்டுடையதாகவே கணக்கில் எடுப்போம் என்றும் சொன்னார்.

நோரிஸ் வாரா வாரம் போவார். கட்டிலருகே உட்கார்ந்து, இந்த வாரம் எவ்வளவு கரைந்தது என்று அவளுக்குச் சொல்லுவார். ஒரு நாள் அறைக்கு வெளியே நர்ஸிடம் கேட்டார்: “இந்த மாதிரி கேஸெல்லாம் எவ்வளவு நாள் இழுக்கும்?”

கதவு திறந்துதான் இருந்தது.

வசந்தத்தில் ஈனிட் கைத்தடி பிடித்து நடந்தாள். உதவிக்கு ஓர் ஆள் வந்துபோனால் வீட்டுக்கே போகலாம் என்றார் டாக்டர். நோரிஸ் அவளுடைய கோட்டை எடுத்துக்கொண்டு ஓடினார்.

“நான் வரல, நோரிஸ்” என்றாள். ஒவ்வொரு வார்த்தையாகத்தான் அவளுக்கு வரும். “கடலைப் பார்த்த ரூம் ஒண்ணு காலியாகுது. எனக்குன்னு சொல்லி வெச்சிருக்கேன்.”

“அதுக்கு எவ்வளவு தெரியுமா? என் காசைத் தின்னுக்கிட்டிருக்க நீ.”

“மெதுவாத்தான் தின்னுறேன்.”

கோட்டை நாற்காலியில் போட்டுவிட்டு வந்த நோரிஸ் அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை.

மறு குளிர்காலத்தில் பின்கட்டு உறைபனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். இனித் தனியாக இருக்க முடியாது என்றார்கள். அவர் பேரில் சேமிப்பு ஒன்றும் இல்லாததால் நகராட்சியே செலவை ஏற்று, தான் பார்த்த இடத்தில் சேர்த்தது. கடலுக்கு வெகு தூரம். பகலெல்லாம் கத்துகிற ஒரு கிழவரோடு ஒரே அறை. யாராவது வாரத்துக்குக் கொஞ்சம் மேலே போட்டுக் கட்டினால் ஈனிட் இருக்கிற இல்லத்துக்கே அவரை மாற்றலாம். மகள் ஜிலியனிடம் அந்த வசதி இல்லை. அம்மாவைக் கேட்கப் போனாள்; காரில் கூட்டிப்போனது நான்தான்.

“அம்மா, அப்பா அங்க அழறாரும்மா.”

ஈனிட் இடது கையால் பிஸ்கட்டை டீயில் நனைத்துத் தின்று முடித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள்.

“அவர் காசை அவருக்கே செலவு பண்ணினாக்கூட அவருக்குப் பொறுக்காதுடி, ஜில்.”

திரும்பி வந்த ஜிலியன் அப்பாவிடம், அங்கே இப்போது இடம் இல்லை என்று மட்டும் சொன்னாள். நோரிஸ் அதை நம்பிவிட்டார். அவள் போகும்போதெல்லாம், அம்மா இருக்கிற இடத்தில் யாராவது செத்தார்களா என்று கேட்கிறாராம்.