சுட்ட கல் பேசாது

ஆற்றோடு போன செங்கல் சூளைக்காரர், மறு வருடம் வெள்ளம் வடிந்ததும், அக்கரையில் தம்பியின் வெள்ளரித் தோட்டத்தில் வண்டலாக வந்து படிந்தார். படிந்த அன்றே இருமினார். விதை ஊன்ற வந்திருந்த தம்பி பெண்டாட்டி, எல்லோரும் சின்னவள் என்று கூப்பிடுகிறவள், இருமலைக் கேட்டதும் சட்டென்று எழுந்து நின்றாள். மூத்தார் எதிரில் உட்கார்ந்து அவளுக்குப் பழக்கமில்லை. "எப்ப வந்தீங்க மாமா?" என்று மண்ணைப் பார்த்துக் கேட்டாள். "இப்பத்தான்மா. காலு ரெண்டும் இன்னும் வந்து சேரல" என்றது மண். அவள் படகுக்காரனைக் கூப்பிட்டு இக்கரைக்குச் சொல்லி அனுப்பினாள்.

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது மற்ற ஊர்களில் பழமொழி. இங்கே அது கண்ணால் பார்க்கிற சங்கதி. இக்கரையை அரித்து அக்கரையில் கொட்டுவதைத் தவிர அந்த ஆற்றுக்கு வேறு வேலை கிடையாது. ஊர் உண்டாவதற்கு முன்பும் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. தண்ணீருக்காக வந்தவர்கள் சேற்றுக்காகத் தங்கினார்கள். சேற்றை அறுத்துச் சுட்டுச் சுவர் வைத்தார்கள். சுவர்கள் தெருவாயின, தெருக்கள் பெருகி எங்களுக்கொரு சர்க்கார் கச்சேரி வேண்டும், சிறைச்சாலை வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும் என்று கேட்டன, அத்தனைக்கும் கரையிலிருந்துதான் மண் எடுத்தார்கள். ஆறு கரைத்த ஆட்கள் அந்த மண்ணில் இருந்தார்கள். பச்சை மண்ணாக இருக்கும் வரை பேசுவார்கள், சூளையில் வெந்துவிட்டால் பேசமாட்டார்கள். ஊர்ச் சுவர்களில் இருப்பவர்கள் எல்லோரும் வாய் திறந்தால் ஒருவர் கண்ணை மூட முடியாது, அதனால் அது நல்லதுதான் என்று விட்டுவிட்டார்கள். ஆறிலும் சாவு, நூறிலும் சாவு என்று வாத்தியார் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் முதல் பாதியை மட்டும் ஒத்துக்கொண்டன. நூறு வரைக்கும் அங்கே யாரும் போனதில்லை.

சொத்தைப் பிரித்த அப்பா களிமண் கரையைப் பெரிய மகனுக்கும் மணல் கரையைச் சின்ன மகனுக்கும் கொடுத்தார். தம்பி கொஞ்ச காலம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் ஆறு அண்ணன் கரையை எடுத்துத் தம்பி கரையில் வைக்க ஆரம்பித்ததும் அண்ணன் பேச்சை நிறுத்தினார். இரண்டு மௌனத்துக்கும் நடுவில் படகில் போய் வந்துகொண்டிருந்தவள் பெரியவள், சூளைக்காரர் பெண்டாட்டி. புருஷன் போன விதத்தில் அவளுக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. நல்ல வெயில் நேரம், தோளில் துண்டு, கரை விளிம்பில் நின்று காலால் விரிசலைத் தட்டிப் பார்த்து, "பயப்படாதே, இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும்" என்றார். 'தாங்கும்' என்பது தண்ணீருக்குள்ளிருந்துதான் வந்தது. கரை என்றாலே கரைகிறது என்றுதானே அர்த்தம் என்று துக்கத்துக்கு வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள்.

தகவல் கிடைத்த அன்றே பெரியவள் கூடையோடு படகேறினாள். தோட்டத்தில் இறங்கியதும் மண்ணை மிதிக்காமல் வரப்போடு சுற்றிப் போனாள். "ஒரு வருஷம் எங்க சுத்திட்டு வர்றீங்க?" என்றாள். "வளைவுல மாட்டிக்கிட்டேன். நீ என்ன, இளைச்சிட்டே?" என்றது மண். "ஆமா, நீங்க கொழுத்துக் கெடக்கீங்க, உங்களுக்கு என்ன" என்று சொல்லிவிட்டு அவள் அழுதாள். கொழுந்தனிடம் எப்படிக் கேட்பது என்று தயங்கினாள், ஏனென்றால் வந்த மண் வந்த இடத்துக்குச் சொந்தம் என்பது அங்கே சட்டம். ஆனால் கொழுந்தன் அவளைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணி, தாராளமா அள்ளிக்கிட்டுப் போங்க. ஊன்றின விதையெல்லாம் இருமுது. நாளைக்குக் காயும் இருமினா சந்தையில எவன் தொடுவான்?" என்றான். அவள் ஒரு பிடி விடாமல் அள்ளினாள். கால்கள் வந்து சேரும் வரை காத்திருந்து அவற்றையும் அள்ளினாள். தோட்டத்தின் ஆற்றோர மூலையில் ஆளிறங்குகிற அளவுக்குப் பள்ளம் விழுந்தது. அதை நிரப்ப வேண்டும் என்று கொழுந்தன் சொல்லிக்கொண்டே இருந்தான்.

வீட்டுக்குக் கொண்டுவந்த மண்ணை அவள் மிதித்து, அச்சில் அறுத்து, நிழலில் உலர்த்தி, முன்னறையில் சுவரோரம் அடுக்கினாள். வேறு எப்படி வைப்பது என்று அவளுக்குத் தெரியாது. செங்கல் அறுக்கிறவள் மண்ணைக் கண்டால் அச்சைத்தான் தேடுவாள். அப்படி அறுத்ததில் புருஷன் கல் கல்லாகப் பிரிந்துபோனார். ஒரு கல் முழங்கால் வலியை மட்டும் சொன்னது. ஒரு கல் தம்பியைத் திட்டியது. கல்யாணத்துக்கு முன்னால் பழகிய எவளோ ஒருத்தியின் பெயரைச் சொன்ன கல்லைப் பெரியவள் அடுக்கின் அடியில் தள்ளி மேலே மற்றதையெல்லாம் ஏற்றினாள். கைக்குழந்தையோடு தாய்வீட்டுக்கு வந்துவிட்ட மகள் பின்னறையில் படுத்தாள். தாத்தா இருமினால்தான் குழந்தை தூங்கியது. அந்த வருடம் அவர்கள் வீட்டில் எல்லோரும் இருந்தார்கள்.

அடுத்த மழைக்கு முன்பே விரிசல் அடுப்படிக்கு வந்துவிட்டது. கச்சேரியிலிருந்து வந்த அதிகாரி செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து பார்த்து, சுட்ட கல்லில் தடுப்புச் சுவர் வைத்தால் வீடு நிற்கும், இல்லாவிட்டால் இந்த வெள்ளத்தோடு சரி என்றார். கல் யார் தருவார்கள் என்று மகள் கேட்டாள். சூளைக்காரர் வீட்டில் இருந்துகொண்டு கல்லுக்கு என்னைக் கேட்கிறாயே என்று அதிகாரி சிரித்துவிட்டுப் போனார். ஆனால் அவர்கள் பங்கில் அறுப்பதற்கு மண் மிச்சமில்லை. ஆறு தின்றது பாதி, அவர்களே வெட்டி ஊருக்கு விற்றது பாதி. மிஞ்சியிருந்தது முன்னறையில் இருந்த அடுக்கு மட்டும்தான்.

பெரியவள் அதன் முன்னால் போய் உட்கார்ந்தாள். "என்னங்க, விரிசல் அடுப்படி வரைக்கும் வந்திருச்சு."

"தெரியும். அடிக்கல்லு ஆடுது."

"வேற மண்ணு இல்ல."

முழங்கால் கல்கூட வாயை மூடிக்கொண்டது. குழந்தை ஒருமுறை சிணுங்கி அடங்கிய பிறகு அடுக்கிலிருந்து குரல் வந்தது. "அடுக்கும்போது இடைவெளி விட்டு அடுக்கு. போன தடவை நெருக்கி வச்சு பாதிக் கல்லு வேகாமப் போச்சு."

"அப்பாவையாம்மா?" என்றாள் மகள்.

"வேற யாரு இருக்கா? நீ, நான், இந்தப் பச்சப்புள்ள. இதுல யார வைக்கட்டும், சொல்லு."

இருவரும் கல்லைச் சுமந்து சூளையில் அடுக்கினார்கள். அவர் வழி நெடுக வேலை சொன்னார்: விறகு ஈரம், காற்று அந்தப் பக்கம், சூளை வாயைச் சின்னதாக வை. எல்லாம் அடுக்கி முடித்தபோது ஒரு கல் இடமில்லாமல் கையில் நின்றது. எது என்று பார்க்காமல் பெரியவள் அதை வீட்டுக்குள் கொண்டுபோய் மாடத்தில் வைத்துவிட்டு வந்து தீ மூட்டினாள். அடிவரிசையின் பேச்சு முதலில் நின்றது. தம்பியைத் திட்டிய கல் வெகுநேரம் திட்டியது, பிறகு அதுவும் நின்றது. சூளை ஆறியதும் பிரித்தார்கள். ஒரு கல்கூட வீணாகவில்லை. எல்லாம் ஒரே சிவப்பு, தட்டினால் மணிபோல ஒலித்தது. பெரியவள் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள், மணிச் சத்தம்தான் வந்தது.

சுவர் எழுந்த கையோடு வெள்ளம் வந்தது. ஆறு சுவரில் முட்டியது, பின்வாங்கியது, மறுபடி முட்டியது. பிறகு திரும்பி அக்கரைக்குப் போய், வெள்ளரித் தோட்டத்து மூலையில் நிரப்பாமல் கிடந்த பள்ளத்தில் தலையை நுழைத்தது. தோட்டம் போயிற்று, வீட்டின் பாதி போயிற்று, மாட்டை அவிழ்க்கப் போன கொழுந்தனும் போனான். இந்த முறை ஆறு ஒரு வருடம் காக்கவைக்கவில்லை. தண்ணீர் வடிந்த வாரமே பெரியவள் சுவரடியில் புது வண்டல் படிந்திருந்தது. அவள் எட்டிப் பார்த்தாள். "அண்ணி, நான் குத்தம் சொல்லல. ஆனா பள்ளம் நீங்க வெட்டினது" என்றது வண்டல். "ஆமாப்பா" என்றாள் பெரியவள்.

மறுநாள் சின்னவள் கூடையோடு படகில் வந்து இறங்கினாள். ஓரகத்தி முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். "அவரு இங்கயா இருக்காரு?"

"நேத்துலேருந்து உன்னத்தான் கேக்குறாரு. அள்ளிக்கோ."

"அள்ளி எங்கக்கா வைக்கிறது? பாதி வீடு நிக்குது, அதுல ரெண்டு புள்ளைங்க நிக்குது." கூடையைக் கீழே வைத்தாள். "சூளையக் குடுங்க."

பெரியவள் தலையாட்டினாள். இருவரும் அங்கேயே இறங்கி மண்ணை மிதிக்கத் தொடங்கினார்கள். "மெதுவாம்மா, நெஞ்சுல மிதிக்கிறீங்க" என்றது மண். சின்னவள் காலை எடுத்துத் தள்ளி வைத்தாள். வெகுநேரம் கழித்து, "சுடும்போது மாமா கத்தினாரா?" என்று கேட்டாள்.

"இல்ல. வேல சொல்லிக்கிட்டே இருந்தாரு."

"இவரு கத்துவாருக்கா."

"கத்தட்டும். நான் கூட இருக்கேன். கடைசியா ஒரு கல்ல மட்டும் வெளிய வச்சுக்கோ. எதுன்னு பார்க்காதே."

அவன் கத்தினான். இரண்டு கரையிலும் கேட்டது. அதற்கப்புறம் அக்கரையிலும் சுவர் எழுந்தது. தின்பதற்கு இரு பக்கமும் இல்லாமல் ஆறு நேராக ஓடிக் கீழேயிருந்த ஊருக்குள் புகுந்தது. அங்கிருந்து கூடையோடு படகுகள் வர ஆரம்பித்தன. வந்தவர்கள் சூளை எங்கே என்று மட்டும் கேட்டார்கள், பெரியவள் கை காட்டினாள். இங்கே ஆறு விட்டுப்போய் மண்மேடாகிய இடங்களில் புதிதாகத் தெருக்கள் கிளம்பின, ஊர் பெரிதாயிற்று, பெயர் வாங்கியது.

சின்னவள் எடுத்து வைத்த கல்லில் அவள் புருஷன் சந்தையில் கூவியது மட்டும் இருந்தது. விடியும்போது "பிஞ்சு, பிஞ்சு" என்று அது கூவும், அவள் எழுந்து பிள்ளைகளை எழுப்புவாள். பெரியவள் மாடத்தில் இருந்த கல்லில் இருந்தது ஒரே ஒரு கேள்வி. விளக்கை அணைத்ததும், "கதவச் சாத்தினியா?" என்று கேட்கும். "சாத்திட்டேன்" என்பாள். பச்சைக் கல் அல்லவா, குளிர்காலத்தில் ஓரம் உதிர்ந்தது, துடைக்கத் துடைக்கத் தேய்ந்தது. 'சாத்தினியா' முதலில் போயிற்று. இப்போது "கத" வரைக்கும்தான் வருகிறது. மிச்சத்தை அவளே சொல்லிக்கொள்கிறாள். எழுந்து போய் ஒருமுறை பார்த்துவிட்டு, சாத்திட்டேன் என்று சொல்லிப் படுத்துக்கொள்கிறாள்.