எஸ்தரின் வயிறு

ஊரூர் குப்பத்தில் கெங்கம்மா சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை, பத்துப் பதினோரு மணி இருக்கும். ஆண்டனி வந்து, கொதித்துக்கொண்டிருந்த மீன் குழம்புக் குண்டானை எட்டி உதைத்தான். குழம்பு மொத்தமும் அவள் வலது காலில் கொட்டியது.

"இன்னாத்த போட்டுக் குடுத்த என் பொண்டாட்டிக்கு? நாலு நாளா பிச்சிக்கினு போச்சு, இன்னிக்கு வயிறு பானையாட்டம் ஊதிக் கீது!"

கெங்கம்மா போட்ட அலறலில் அவள் புருஷன் அங்கமுத்து துடுப்போடு ஓடி வந்தான். முதல் அடி ஆண்டனியின் தோளில் விழுந்தது. ஆண்டனி திரும்பித் தலையால் அவன் முகத்தில் மோதினான். மூக்கெலும்பு உடைந்த சத்தம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கேட்டது. கீழே விழுந்தவன் மேல் ஏறி உட்கார்ந்து, மணலும் குழம்புமாக அள்ளி அவன் வாயில் திணித்தான். "துன்னு! நீயும் துன்னுடா!"

நாலு பேர் சேர்ந்து இழுத்துத்தான் பிரிக்க முடிந்தது. போலீஸ் வந்து ஆண்டனியை ஏற்றிக்கொண்டு போனது.

அவன் மனைவி எஸ்தர் மீன் விற்கிறவள். ஒரு மாதத்துக்கு முன்னால் அவளுக்குக் கடைவாய்ப் பல் சீழ் பிடித்து, கன்னம் வீங்கிவிட்டது. டாக்டரிடம் போகலாம் என்றாள். "பல்லுக்கு இன்னாத்துக்குடி டாக்டரு?" என்று ஆண்டனி மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கி வந்தான். வீக்கம் வடிந்து, மறுபடி வந்தது. இன்னும் வீரியமானது வேண்டும் என்று கேட்டு வாங்கினான். வாயெல்லாம் கசக்கிறது, வேண்டாம் என்றவளின் தாடையை அழுத்திப் பிடித்துப் போட்டுவிட்டான். பத்து நாள். அது முடிந்த வாரமே பேதி ஆரம்பித்தது. அது ஆரம்பித்ததற்கு முந்தின நாள் கெங்கம்மா கடையில் இறால் தொக்கு சாப்பிட்டிருந்தாள். ஆண்டனிக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை. பேதியை நிறுத்த ஒரு மாத்திரையும் கொடுத்தான். பேதி நின்றது. வயிறு உப்பியது.

கெங்கம்மாவை ஆட்டோவில் ஏற்றும்போது பக்கத்துச் சந்தில் கூச்சல் கேட்டது. எஸ்தர் வாசலில் மயங்கிக் கிடந்தாள்.

"அவளயும் தூக்கி ஏத்துய்யா" என்றாள் கெங்கம்மா.

"அவன் பொண்டாட்டியயா?" அங்கமுத்து மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டிருந்தான். துண்டு சிவந்திருந்தது.

"அவ இன்னா பண்ணா? ஏத்து."

வெந்த காலை வெளியே நீட்டிக்கொண்டு, எஸ்தரின் தலையை மடியில் வைத்துப் பெரியாஸ்பத்திரி வரைக்கும் போனாள். அன்று சாயங்காலமே எஸ்தரின் வயிற்றைக் கிழித்து, பெருங்குடலை எடுத்தார்கள்.

மறுநாள் ஜாமீனில் வந்த ஆண்டனியை ஆஸ்பத்திரியில் டாக்டர் தஹ்சீன் உட்காரச் சொன்னார்.

"சாப்பாட்டால வரலைங்க. நம்ம குடல்ல கோடிக்கணக்குல நல்ல கிருமி இருக்கு. கெட்டது வந்தா எடம் குடுக்காது. நீங்க குடுத்த மாத்திரை அதையெல்லாம் கொன்னுடுச்சு. அந்த மாத்திரைக்குச் சாகாத கிருமி ஒண்ணு காலி எடத்துல பெருகி, விஷத்தக் கக்கியிருக்கு. டெஸ்ட்ல அதான் வந்திருக்கு. பேதிய நிறுத்தினீங்களே, அதுல இன்னும் மோசமாயிடுச்சு. குடல் அழுகிப்போச்சு."

ஆண்டனி எழுந்து நேராக மெடிக்கல் ஷாப்புக்குப் போனான். கண்ணாடி அலமாரியைக் கையால் குத்தி உடைத்து, கடைக்கார ஜவஹரின் சட்டையைப் பிடித்துக் கல்லாவுக்கு மேலே இழுத்தான்.

"டாக்டர் சீட்டு இல்லாம ஏன்டா குடுத்த?"

"தப்புதாண்ணே!" ஜவஹர் கையெடுத்துக் கும்பிட்டான். "ரெண்டாவது தடவ டாக்டரப் பாருன்னு சொன்னேனே. குடுக்கலன்னா கடைய ஒடைப்பேன்னு நீதானே சொன்ன!"

சொன்னது ஞாபகம் வந்தது. ஆண்டனியின் பிடி விட்டது. கண்ணாடிச் சில்லு செருகியிருந்த கையால் தன் முகத்தில் அறைந்துகொண்டான். மறுபடியும் மறுபடியும் அறைந்தான். தெருவில் போனவர்கள் பிடித்து நிறுத்தும்வரை அறைந்தான்.

எட்டு நாள் கழித்து எஸ்தருக்கு நினைவு தெளிந்து பேச்சு வந்தது. வயிற்றின் ஓரத்தில் பை தொங்கியது, மலம் அதில்தான் இறங்கும். கெங்கம்மா காலில் கட்டோடு நொண்டிக்கொண்டு வந்தாள். ஆண்டனி அவள் காலில் விழப்போனான். கட்டிலைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலால் அவன் நெஞ்சில் ஓர் உதை விட்டாள். அவன் அசையவில்லை.

"கேசு நடக்கும். வாபஸ் வாங்க மாட்டேன்" என்றாள். "உள்ள போய்ட்டு வா."

"சரிக்கா."

எஸ்தர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆண்டனி தண்ணீர் டம்ளரை எடுத்து அவள் வாயருகே கொண்டுவந்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாள்.

"அக்கா குடுக்கட்டும். நீ வெளிய போ."

அவன் டம்ளரைக் கெங்கம்மாவிடம் கொடுத்துவிட்டு வராந்தாவுக்குப் போனான்.