இராஜாங்கத்தின் 'அவர்களே'

மேட்டூரில் திறந்த தண்ணீர்கூடக் கடைமடைக்கு வந்து சேர்ந்துவிடும், மைக்கைப் பிடித்த இராஜாங்கம் விஷயத்துக்கு வந்து சேரமாட்டார் என்று கீழத்தெருவில் கேலி பேசுவார்கள்.

குரலில் குறை சொல்ல முடியாது. விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் கோஷம் போட்டுப் பழுத்த வெண்கலக் குரல். கூட்டத்துக்கு வந்த ஒவ்வொருவரையும் பட்டம் சேர்த்து, பேர் சொல்லி, 'அவர்களே' போட்டு விளிக்காமல் அவரால் பேசமுடியாது, அவ்வளவுதான். அதற்கும் காரணம் உண்டு. எப்போதோ ஒரு கல்யாண வாழ்த்துரையில் மைக்செட் சதீஷின் பேரை விட்டுவிட்டார். அடுத்த நிமிஷம் வயர் தானாகக் கழன்றுகொண்டது. அன்றிலிருந்து எந்த மேடையானாலும் முதல் 'அவர்களே' சதீஷுக்குத்தான்.

இது கேலியோடு போயிருந்தால் பரவாயில்லை. கீழத்தெருவுக்குச் சுடுகாட்டுப் பாதை வேண்டியிருந்தது. ரெக்கார்டில் பாதை அகலமாகத்தான் இருக்கிறது, நிலத்தில்தான் காணோம். ஊராட்சித் தலைவர் வைத்தியலிங்கத்தின் வயல் வருஷத்துக்கு ஓர் உழவாக நகர்ந்து வந்து அதைத் தின்று தீர்த்துவிட்டது. மிச்சமிருக்கிற வரப்பில் ஒருவர் நடக்கலாம், நாலு பேர் பாடை தூக்கமுடியாது. போன ஐப்பசியில் இராஜாங்கத்தின் அண்ணன் தியாகராசனைச் சேற்றில் இறங்கித்தான் தூக்கிப்போனார்கள். நடுவயலில் கால் வழுக்கிப் பாடை சரிந்தது. அண்ணன் முகத்தில் அப்பிய சேற்றை இராஜாங்கம் தன் துண்டால் துடைத்தார். அந்தத் துக்கம் இன்னும் அவர் நெஞ்சை விட்டுப் போகவில்லை.

பாதையை அளந்து மீட்கச் சொல்லிக் கிராம சபையில் தீர்மானம் போடவேண்டும். தெருவில் பெரிய குரல் என்பதால் அவரையே பேசச் சொன்னார்கள். அவரும் ஒவ்வொரு சபையிலும் பேசினார். ஒவ்வொரு சபையிலும் 'அவர்களே' முடிவதற்குள் வைத்தியலிங்கம் கைதட்டி, "அருமையான பேச்சு, நேரமாச்சு" என்று டீ கேனை வரவழைத்துவிட்டார். இராஜாங்கம் பேசுவதென்றால் தலைவருக்குக் கொள்ளைப் பிரியம்.

அக்டோபர் சபைக்கு முந்தின வாரம் இராஜாங்கத்தின் மகள் செம்மொழி ஊர்ச் சமுதாயக்கூடத்தில் ஒரு பயிலரங்கம் வைத்தாள். தஞ்சாவூரில் வக்கீலாக இருக்கிறாள். டெல்டா முழுக்கப் போராடுகிறவர்களுக்குச் சட்டமும் பேச்சும் சொல்லிக்கொடுக்கிற அமைப்பில் அவளும் ஒருத்தி. கோடியக்கரையிலிருந்து உப்பளத் தொழிலாளர்கள், நாகூர்ப் பக்கத்திலிருந்து ஹபீபுன்னிசா என்று கூடம் நிறைந்துவிட்டது. அன்றைய பாடம், சபையில் மூன்றே நிமிஷத்தில் கோரிக்கையைச் சொல்லி முடிப்பது. செம்மொழி கையில் பி.டி. மாஸ்டர் விசில் இருந்தது.

ஹபீபுன்னிசா எழுந்தார். "எங்க தெருவுல ரேசன் கடை இல்ல. வயசானவங்க வெயில்ல ரொம்ப தூரம் நடக்கறாங்க. கடை வேணும், தீர்மானம் போடுங்க." உட்கார்ந்துவிட்டார். விசிலுக்கு வேலையே இல்லை.

அடுத்தது இராஜாங்கம். துண்டைச் சரிசெய்துகொண்டார். "மைக்செட் உரிமையாளர் சதீஷ் அவர்களே..."

விசில் அலறியது. "இங்க மைக்கே இல்லப்பா!"

"பயிற்சின்னா முழுசா செய்யணும்லம்மா?"

"விஷயத்தச் சொல்லுங்க."

"பேரச் சொல்லலன்னா கோச்சுக்குவாங்களே. பாவம், நாகூர்லேர்ந்து எவ்வளவு தூரம் வந்துருக்காங்க."

"நாங்க கோச்சுக்க மாட்டோம்ண்ணே, நீங்க விஷயத்துக்கு வாங்க" என்றார் ஹபீபுன்னிசா.

"நன்றிம்மா. கோபித்துக்கொள்ளாத நாகூர்ச் சகோதரி ஹபீபுன்னிசா அவர்களே..."

மறுபடியும் விசில். உப்பளத்துக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். டீ ஊற்றிக்கொண்டிருந்த இராஜாங்கத்தின் மனைவி அம்சம், "கல்யாணமான புதுசுல என்கிட்ட ஒரு வார்த்த பேசவே இவருக்கு விடிஞ்சிரும்" என்று தன் பங்குக்குப் போட்டாள்.

செம்மொழிக்குச் சிரிப்பு வரவில்லை. "இந்த சபைய விட்டா அடுத்த சபைக்குள்ள மழை புடிச்சிரும்ப்பா. நடுவுல யாராச்சும் செத்துப்போனா மறுபடியும் சேத்துலதான் தூக்கணும். ஒரேயொரு 'அவர்களே' வந்தாக்கூட சபையிலயே விசில் அடிச்சிருவேன்" என்றாள்.

சபை நாள் வந்தது. "நம்ம இராஜாங்கம் பேசுவாரு" என்று வைத்தியலிங்கமே ஆசையாகக் கூப்பிட்டார். டீ கேன் பக்கத்திலேயே தயாராக இருந்தது.

இராஜாங்கம் மைக்கைப் பிடித்தார். நேராக விஷயத்துக்குப் போகவேண்டும் என்று வாயைத் திறந்தார். "சுடு..." என்றதோடு நாக்கு ஒட்டிக்கொண்டது. யாரையும் கூப்பிடாமல் யாரிடம் பேசுவது? தெருச் சனம் மொத்தமும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த சதீஷ் கண்ணில் பட்டான்.

"மைக்செட் உரிமையாளர் சதீஷ் அவர்களே" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

வைத்தியலிங்கம் சிரித்தார். செம்மொழி விசிலை வாயில் வைத்தாள். இராஜாங்கத்துக்கோ சதீஷைப் பார்க்கப் பார்க்க அந்த ஐப்பசி ஞாபகம் வந்துவிட்டது.

"எங்க அண்ணன் சாவுக்கு லைட்டு கட்ட வந்து, மழையிருட்டுல பாடைக்கு முன்னால டார்ச் அடிச்சுக்கிட்டுச் சேத்துல எறங்கி நடந்த சதீஷ் அவர்களே!"

செம்மொழி விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டாள்.

"வார்டு உறுப்பினர் குணசேகரன் அவர்களே! பாதை இல்லாம, பக்கத்துல இருந்த உங்க சம்பா நடவயும் மிதிச்சோம். திட்டிக்கிட்டே ஓடியாந்தீங்க. திட்டிக்கிட்டே சரிஞ்ச பாடைக்குத் தோள் குடுத்தீங்க, குணசேகரன் அவர்களே!"

குணசேகரன் தலையைக் குனிந்துகொண்டார்.

"பொம்பளைங்க சுடுகாட்டுப் பக்கம் வரக்கூடாதுங்கறதயே மறந்து, கத்திக்கிட்டு வயலுக்குள்ள ஓடியாந்த என் துணைவியார் அம்சம் அவர்களே!"

கட்டின நாளிலிருந்து அம்சத்துக்குக் கிடைத்த முதல் 'அவர்களே' அது. வெட்கப்பட்டுச் சிரித்தாள், உடனே அழுதும்விட்டாள். வைத்தியலிங்கம் மைக்கை அணைக்கச் சொல்லிச் சதீஷுக்குக் கண்ணைக் காட்டினார். சதீஷ் வால்யூமைக் கூட்டிவைத்தான்.

இராஜாங்கம் பேர் பேராகப் போனார். துணி நனைந்தவர், கால் முறிந்தவர், செருப்பைச் சேற்றில் விட்டவர் என்று ஒவ்வொருவருக்கும் ஓர் 'அவர்களே'. பின்வரிசையில் ஒருவர் கையைத் தூக்கினார். "ஏம்ப்பா இராஜாங்கம், என்ன விட்டுட்டியே! பாடையோட பின்பக்கம் புடிச்சது நான்ல?" இன்னொருவரும் கையைத் தூக்கினார். "நானுந்தான் அன்னிக்கு வந்தேன்!" அப்புறம் சபை முழுக்கக் கைகள். விட்டுப்போனதில் எல்லோருக்கும் கோபம்.

கடைசியாக இராஜாங்கம் திரும்பினார். "ஊராட்சி மன்றத் தலைவர், பண்பாளர் வைத்தியலிங்கம் அவர்களே! அன்னிக்கு நீங்க வரல. உங்க வயலு வந்துருந்துச்சு. எங்க அண்ணன் விழுந்து கெடந்தது அதுலதான். அந்த எடம் பாதைன்னு உங்க ஆபீஸ் ரெக்கார்டே சொல்லுது."

ஒரு வாய் தண்ணீர் குடித்தார். "அவர்களே முடிஞ்சிருச்சு. இனிமேதான் பேச்சு."

"ஐயோ, வேணாங்க!" என்று பதறிப்போனார் வைத்தியலிங்கம். "மேகலா, தீர்மானத்த எழுதிருங்க."

"அப்பவே எழுதிட்டேங்க" என்றாள் ஊராட்சிச் செயலர் மேகலா. "பாதைய அளந்து மீட்கணும். சம்மதிக்கறவங்க கையத் தூக்குங்க."

கைகள் ஏற்கெனவே தூக்கித்தான் இருந்தன.

இராஜாங்கம் மைக்கை விடவில்லை. "ஒருத்தர விட்டுட்டேன்" என்றார். "என் அண்ணன் தியாகராசன் அவர்களே..."

துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். செம்மொழி எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். சதீஷ் டீ கேனைத் திறந்து முதல் கிளாஸை அவருக்கு ஊற்றினான்.